சொல்லாது விட்டவை

ஒரு நூலோ செய்தியோ அரசியற் சார்புடையதா என்று ஆராயப் புகுவார் பலரும் முதற்கண் அதன் அடைமொழிகளையே நோக்குகின்றனர். தன் தலைவனை வீரன் என்றும் மாற்றான் தலைவனைக் கோழை என்றும் கூறுவது சார்பே. ஆயினும் அது நெற்றியில் எழுதி ஒட்டிய சார்பு. கண்டுகொள்ளப் புலமை வேண்டுவதில்லை. எந்த வினைச்சொல் ஆளப்பட்டது, எது சொல்லாமல் விடப்பட்டது, எது வேண்டுமளவிற்கு மேல் விரித்துரைக்கப்பட்டது என்பனவே அரிதின் உணரத்தக்கவை. இவற்றைப் பயில்வதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு நல்ல களம் உண்டு. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் சோழரும் மேலைச் சாளுக்கியரும் பொருத காலத்து நிகழ்ச்சிகளை இரு தரப்பார் வாயாலும் நாம் கேட்கக் கூடும். சோழர்க்கு மெய்க்கீர்த்திகளும் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும் உள. சாளுக்கியர்க்குக் கன்னடக் கல்வெட்டுக்களும், ஆறாம் விக்கிரமாதித்தன் அவைக்களப் புலவராகிய காசுமீரத்துப் பில்கணர் வடமொழியில் இயற்றிய விக்கிரமாங்கதேவ சரிதமும் உள.

வினைச்சொல்லை முதற்கண் நோக்குவாம். 1054இல் நிகழ்ந்த கொப்பத்துப் போரில் முதல் இராசாதிராசன் மாண்டான். இதில் இரு தரப்பார்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிற்காலச் சோழர் கல்வெட்டுக்கள் அவனை ஆனைமேல் துஞ்சின தேவர் எனக் குறிக்கின்றன. 1071ஆம் ஆண்டினதாகிய அண்ணிகேரிக் கல்வெட்டோ, கோயில்களுக்குத் தீயிட்ட பாவியாகிய சோழன் போர்க்களத்தில் தன் தலையைக் கொடுத்தான் என்று கூறுகின்றது. துஞ்சினான் என்பதும் தலை கொடுத்தான் என்பதும் ஒரு சாவையே குறிப்பன. இரண்டும் பொய் அல்ல. ஓர் அமைச்சர் நீங்கியவழி ஓரிதழ் 'பதவி துறந்தார்' என்றும் மற்றோரிதழ் 'பதவி பறிபோயிற்று' என்றும் எழுதுவதை நாள்தோறும் படிக்கும் நமக்கு இது புதுமையன்று.

இனிக் காரணம் கற்பிக்கும் முறை. வீரராசேந்திரனது மணிமங்கலக் கல்வெட்டின்படி, முதல் சோமேசுவரனாகிய ஆகவமல்லன் கூடல் என்னும் இடத்தில் பொருவோம் என்று தானே ஓலை விடுத்தான். சோழன் அங்குச் சென்று ஒரு திங்கள் காத்திருந்தும் அவன் வந்திலன். அஞ்சி ஓடி ஒளிந்தான் என்பது கல்வெட்டின் தீர்ப்பு. இது 1067ஆம் ஆண்டுச் செய்தி. பில்கணர் இவ்வோலையைப் பற்றி வாய் திறந்திலர். ஆனால் தீராச் சுரத்தால் நலிந்த அம்மன்னன் துங்கபத்திரையில் இறங்கி உயிர் நீத்த செய்தியை உருக்கமாகப் பாடுகின்றார். அவன் இறந்தது 1068இல். இரண்டு சான்றுகளையும் அருகருகே வைப்பார்க்கு, வாராமைக்கு ஏது அச்சமன்று, நோயே என்று கருத இடமுண்டு. சோழர் கல்வெட்டு நோயைச் சொல்லவில்லை. பில்கணர் ஓலையைச் சொல்லவில்லை. இருவர் மறைப்பையும் சேர்த்தாலன்றி நிகழ்ச்சி முழுமையுறாது.

இவை எளியன. 1070இல் நிகழ்ந்த அரசுரிமை மாற்றமே நம் அறிவை உண்மையிற் சோதிப்பது. வீரராசேந்திரனுக்குப் பின் அவன் மகன் அதிராசேந்திரன் முடி சூடினான். அவனுக்குத் தனி மெய்க்கீர்த்தியும் மூன்றாம் ஆட்சியாண்டு வரை கல்வெட்டுக்களும் உள்ளன. அவனையடுத்து அரியணை ஏறியவன், வேங்கிச் சாளுக்கியன் இராசராச நரேந்திரனுக்கும் கங்கைகொண்ட சோழன் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்த முதற் குலோத்துங்கன். இவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பரணியில் அதிராசேந்திரன் இல்லை. தென்னாட்டு மன்னன் விண்ணுலகு எய்தினான், நாடு சீர்குலைந்தது, வடபுலம் சென்றிருந்த அபயன் வந்து அறம் நிறுத்தினான் என்று கதை செல்கின்றது. கல்வெட்டில் வாழ்ந்த ஓர் அரசன் காப்பியத்தில் பிறக்கவே இல்லை.

மறைப்பினும் பெரிய சான்று, மிகையாக உரைக்கும் இடமாகும். மகள் வயிற்றுக் குழந்தையைக் கண்ட கங்கைகொண்ட சோழன் தேவி, இவன் நம் மகனாகிக் கதிரவன் குலத்தைத் தாங்கற்பாலன் என்று மகிழ்ந்ததாகவும், வீரராசேந்திரன் இவனுக்கு இளவரசுப் பட்டம் சூட்டியதாகவும் பரணி விரிக்கின்றது. ஐயமற்ற உரிமைக்கு இத்துணைச் சான்று எதற்கு? தந்தையை அடுத்து மைந்தன் ஆண்ட இடங்களில் எப்புலவரும் இவ்வாறு வழக்காடினாரில்லை. குலோத்துங்கனது மெய்க்கீர்த்தியும், தென்றிசைத் திருமகளின் பொதுமையும் பொன்னி நாட்டு நிலமகளின் தனிமையும் இவனால் நீங்கின என்று புகழ்கின்றது. பொதுமை என்ற சொல் உரிமை கோரினார் வேறு சிலரும் இருந்தனர் என்பதைத் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கின்றது.

பில்கணர் கூற்று வேறு. விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் வந்து, தன் மைத்துனனாகிய சோழ இளவரசனை அரியணையில் அமர்த்தி மீண்டான். சின்னாளில் அவ்விளவரசன் குழப்பத்தில் உயிரிழக்க, வேங்கி வேந்தன் இராசிகன் அரசைக் கைப்பற்றினான் என்கின்றார். குலோத்துங்கன் என்ற பெயரையும் அவர் வழங்கவில்லை. அவரும் நடுநிலையாளர் அல்லர். தம் தலைவன் 1076இல் தமையன் இரண்டாம் சோமேசுவரனை நீக்கி அரசு கொண்டதற்கு, தமையன் கொடுமையையும் சிவபெருமான் ஆணையையும் காரணமாக்கினார். தந்தை இளவரசுப் பட்டம் அளித்தபோது மூத்தோன் உரிமை கருதி இவன் மறுத்தான் என்றும் பாடினார். செயங்கொண்டார் தம் தலைவனுக்குச் செய்ததையே இவர் தம் தலைவனுக்குச் செய்தார். பங்காளியைப் பற்றி எழுதுகையில் மட்டும் இருவர் கண்ணும் தெளிவாயிருந்தது.

ஈண்டு எம் பிழை ஒன்றையும் மறையாது கூறுதல் வேண்டும். பல்லாண்டுகள் யாம் வகுப்பில் பரணியின் சீர்குலைவுப் பகுதியை வரலாறு என்றும் பில்கணர் கூற்றை அவைக்களப் புலவரின் மிகையென்றும் கற்பித்து வந்தோம். ஒரு நாள் மாணவர் ஒருவர் எழுந்து, "பில்கணர் தமிழில் பாடியிருந்தால் ஐயா நம்பியிருப்பீர்களா?" என்று வினவினார். விடை கூற இயலாது நின்றோம். பரணியின் தமிழ் எமக்கு இனித்தது. அவ்வினிமையைச் சான்று என்று கொண்டுவிட்டோம். பெரும்புலவர் நூலின் நயத்தை வாதத்தின் வலிமையாக மயங்குவது எம் போன்ற இலக்கிய ஆசிரியர்க்கே உரிய நோய் போலும். மேடைப் பேச்சின் அடுக்குமொழியில் மயங்குவோரைக் குறை கூறும் தகுதி எமக்கு அன்றே போயிற்று.

அதன்பின் இப்பகுதியைக் கற்பிக்குங்கால் அதிராசேந்திரன் கல்வெட்டைக் கரும்பலகையில் முதலில் எழுதுகின்றோம். பரணியைப் பின்னரே விரிக்கின்றோம். அவன் நோயால் இறந்தானோ, கலகத்தில் மாண்டானோ, குலோத்துங்கன் கை அதில் இருந்ததோ என்பனவற்றிற்கு இவ்விரு புலவரையும் கொண்டு முடிவு கூற இயலாது. மாணவர் முடிவு கேட்கின்றனர். மூன்றாம் ஆண்டோடு அவன் கல்வெட்டுக்கள் நின்றுவிடுகின்றன என்பதொன்றே யாம் உறுதியாகச் சொல்லக் கூடியது.