மருந்தைக் கூட்டும் உரிமை யாருக்கு?

கேரளத்தின் ஊராட்சிச் செவிலியர் ஒரு புற்றுநோயாளியின் வீட்டுக்குள் நுழைந்ததும் பல நேரங்களில் முதலில் கவனிப்பது புண்ணைத்தான். வெடித்த புற்றுப்புண்ணின் நாற்றம் சிலருக்கு வலியைவிடக் கொடுமையானது. பேரப்பிள்ளைகளைக்கூட அது அறைக்குள் விடாது. புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, கட்டுப்போடும் முறையை மகளுக்கோ மருமகளுக்கோ சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறார். சில நாட்களில் நாற்றம் அடங்குகிறது, வீட்டார் மறுபடி கட்டிலருகே வந்து உட்காருகிறார்கள். செலவு சொற்பம். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் கிடைக்காத சிகிச்சை இது.

1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய சிறிய பணியிலிருந்து வளர்ந்ததுதான் இந்த வீட்டுச் சேவை. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் நோய் ஆதரவு சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இரண்டு மாநிலங்களிலும் இந்தச் சேவையின் சுமையைப் பெரும்பாலும் தாங்குபவர் செவிலியர்தான். நோயாளியின் வலி, மலச்சிக்கல், வீட்டுச் சண்டை, கடன், பயம் எல்லாம் அவர் காதில்தான் விழுகின்றன. ஆனால் மருத்துவர் எழுதிய அளவுக்கு மேல் வலிநிவாரணியான மார்ஃபினில் ஒரு மாத்திரையைக் கூட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை. இந்த அமைப்பின் ஆகப் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபினே அருகிப்போனது. 2014இல் வந்த திருத்தம் உரிமச் சிக்கலைக் குறைத்தது. மருந்துச்சீட்டு எழுதும் கை மட்டும் மாறவில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் நான்கு மணி நேரம்தான். நடுவே வலி பீறிட்டால் கூடுதலாக ஒரு வேளை கொடுக்கவேண்டும், அப்படி எத்தனை வேளை தேவைப்பட்டது என்று பார்த்து மறுநாளின் அளவைத் திருத்தவேண்டும். செவிலியர் வியாழக்கிழமை பார்த்த வலிக்கு மருத்துவர் திங்கட்கிழமை மருந்து எழுதினால், நடுவில் வரும் இரவுகளை நோயாளிதான் கடக்கவேண்டும்.

சரி, அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் போதுமா? கடைசி நாட்களில் தேவைப்படும் தேர்ச்சி எப்படிப்பட்டது என்று பார்த்தால் அவசரப்பட மனம் வராது. பேச்சு நின்றுபோனவரின் வலியை நெற்றிச் சுருக்கத்திலும், புரட்டிப் படுக்கவைக்கும்போது எழும் முனகலிலும் கண்டுபிடிக்கவேண்டும். சிறுநீரகம் ஓயத் தொடங்கினால் மார்ஃபினின் எச்சங்கள் உடம்பில் தேங்கும். கைகால் துள்ளும், பேச்சு பிதற்றலாகும். வலி அதிகமாகிவிட்டதென்று எண்ணி மருந்தைக் கூட்டினால் துள்ளல் இன்னும் மோசமாகும். அந்த நேரத்தில் அளவைக் குறைக்கவோ, இடைவெளியை நீட்டவோ, வேறு மருந்துக்கு மாறவோ வேண்டும். தொண்டையில் கறகறவென்று சத்தம் வரும்போது வீட்டார் கலங்கிப்போவார்கள். குழாய் விட்டு உறிஞ்சுவது பல நேரங்களில் நோயாளிக்கு வேதனைதான். ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், தோலுக்கடியில் ஹயோசின் ஊசி போடுவதும், இந்தச் சத்தம் அவரைவிட நம்மைத்தான் அதிகம் வதைக்கிறது என்று வீட்டாருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வதுமே உதவும்.

“ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சிஸ்டர், தெம்பு வரும்” என்ற கெஞ்சலுக்குப் பதில் சொல்வதும் தேர்ச்சிதான். ஓய்ந்துவரும் உடம்பில் ஏற்றும் டிரிப்ஸ் வீக்கத்தையும் சளியையும் கூட்டக்கூடும். நம் வீடுகளில் உயிர் பிரியும் நேரத்தில் பால் ஊற்றும் வழக்கம் உண்டு. விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் ஊற்றினால் புரையேறும். நல்ல செவிலியர் அதைத் தடுத்துப் பழியைத் தேடிக்கொள்ள மாட்டார். பஞ்சைப் பாலில் நனைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து உதட்டில் ஒற்றச் சொல்வார். இவ்வளவையும் மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பில் கற்றுவிடலாம் என்று நினைப்பது அநியாயம்.

இந்தத் தேர்ச்சியைத் தாளில் அடைக்கப் பார்த்து பிரிட்டன் கையைச் சுட்டுக்கொண்டது. 1990களின் பிற்பகுதியில் லிவர்பூலில் கடைசி நாட்களின் பராமரிப்புக்காக உருவான வழிகாட்டுமுறை, நல்ல பயிற்சி பெற்றவர்கள் கையில் நிம்மதியான மரணங்களைத் தந்தது. மற்ற இடங்களில் கட்டங்களில் டிக் அடிக்கும் வேலையாகச் சுருங்கியது. தாகத்துக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை என்று குடும்பங்கள் குமுறின. 2013இல் நடந்த மறுஆய்வுக்குப் பின் அதைக் கைவிட்டார்கள். அதே நாட்டின் கோஸ்போர்ட் போர் நினைவு மருத்துவமனையில் நடந்தது இதைவிடப் பயங்கரம். 1989 முதல் 2000 வரை அங்கே மருத்துவக் காரணமின்றிக் கொடுக்கப்பட்ட அபின்வகை மருந்துகளால் 456 பேரின் ஆயுள் குறுகியது என்று 2018இல் விசாரணைக் குழு சொன்னது. செவிலியருக்கு அதிகாரம் கூடாது என்பவர்கள் இதையே சுட்டிக்காட்டக்கூடும். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. அங்கே முன்கூட்டியே மருந்தை எழுதிவைக்கும் வழக்கத்தை நடத்தியது மருத்துவர் தரப்பு. 1991லேயே ஆபத்தைச் சொன்னவர்கள் செவிலியர்கள். அவர்களுடைய வாயை அடைத்துவிட்டார்கள்.

வழி காட்டியது உகாண்டா. மருத்துவர் ஆன் மெரிமன் 1993இல் அங்கே ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா அமைப்பைத் தொடங்கினார். தூளாக வாங்கிய மார்ஃபினைக் கரைத்துச் செய்த மலிவான வாய்வழி மருந்தே அதன் பலம். மருத்துவர்கள் குறைந்த நாடு என்பதால், 2004இல் சட்டத்தையே திருத்தி, ஒன்பது மாத நோய் ஆதரவுப் படிப்பை முடித்த செவிலியர்களுக்கு மார்ஃபின் எழுதும் உரிமையைக் கொடுத்தார்கள். நம்மிடம் மருத்துவர்கள் அதிகம்தான், ஆனால் ஊராட்சியின் கடைக்கோடி வீட்டுக்குப் போகிறவர் இன்றும் செவிலியரே.

அதனால் உகாண்டாவைப் போல நீண்ட பயிற்சியும் உரிமையும் ஒன்றாகவே இங்கே வரவேண்டும். முதல் படியாக, ஏற்கெனவே மார்ஃபின் எடுத்துவரும் நோயாளிக்கு எழுதிவைத்த வரம்புக்குள் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செவிலியர்களை அனுமதிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் மறுநாளே ஒரு மருத்துவர் பார்த்துக் கையெழுத்திடவேண்டும். இரவில் அழைத்தால் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்று மாவட்டந்தோறும் வேண்டும். “இந்த அளவு தப்பு டாக்டர்” என்று செவிலியர் எழுதிக்கொடுத்தால், அதற்கு எழுத்தில் பதில் சொல்லும் கடமையும் மருத்துவருக்கு இருக்கவேண்டும்.