"விசேஷமா?"

அத்தைக்கு மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து மறுபடியும் உதிரம் பட்டது. "இந்த வயசுல தூரமா?" என்று சிரிப்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சம்பா நடவு முழுக்கப் பழைய புடவையைக் கிழித்து வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கருப்பை வாய்ப் புற்று முற்றியிருந்தது. 2011இல் இறந்தாள்.

பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்நோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தமிழக அரசு 2007இல் முதலில் தொடங்கியது இரண்டே மாவட்டங்களில்: தேனி, தஞ்சாவூர். சோதனை எங்கள் ஊர்ப்பக்கமே இருந்திருக்கிறது.

அது எளிய சோதனை. கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினால், சந்தேகத்துக்குரிய இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் இம்முறையில் நடந்த ஆய்வு 2007இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பரிசோதனை வசதி அளிக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. எச்.பி.வி. தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை வலியில்லை, உதிரமில்லை. தடுக்க வேண்டிய காலம் அதுதான்.

ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30-49 வயதில் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8. நாம் மேல்தான். என்றாலும் பத்தில் ஒருத்திகூட இல்லை.

ஏன்? எங்கள் ஊரில் "பொம்பள டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி "விசேஷமா?" என்பதுதான். கல்யாணமாகாதவள் என்றால் "அவளுக்கு அங்க என்ன வேலை?" குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவளுக்கோ போகக் காரணமே இல்லை. பிள்ளைக்காக மட்டுமே பெண்ணின் கருப்பையை யாரும் பார்க்கலாம் என்பது இந்தப் பேச்சின் இலக்கணம். "தாய்மார்களே" என்று தொடங்கும் விழிப்புணர்வு அழைப்புகளும் அந்த இலக்கணத்தை மீறுவதில்லை.

நானும் மீறவில்லை. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்து, தலைப்புக்கே வசைகள் எழுந்தபோது, உடலை எழுதும் உரிமைக்காக வாதாடியவர்களில் நானும் ஒருத்தி. என் கவிதைகளில் கருப்பை வயலாக வந்தது, ஆறாக வந்தது. ஒருபோதும் உறுப்பாக வரவில்லை. உடலரசியலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த அதே வருடம்தான் அத்தை புடவை கிழித்தாள். நான் சோதனை செய்துகொண்டதே 43 வயதில்.

30 வயதைக் கடந்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. நோய் இருக்க வேண்டியதில்லை, விசேஷமும் இருக்க வேண்டியதில்லை.

இப்போது உடலரசியல் பாடம் முடியும் நாளில் மாணவிகளுக்கு ஒரு வீட்டுவேலை தருகிறேன்: அம்மாவிடமும் அத்தையிடமும் இச்சோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டு வாருங்கள். கேட்க வாய் வரவில்லை என்றால், எந்தச் சொல்லில் தடுக்கிற்று என்று எழுதி வாருங்கள்.