விசைப்பலகை யார் கையில்?

1

“கொஞ்சம் நகருங்க, நானே பண்ணித் தர்றேன்.”

உதவி என்று நாம் பெயர் வைத்திருக்கும் காரியத்தின் அரசியலை இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பேசிவிடலாம். இதில் வன்மம் இல்லை, ஏளனம் இல்லை. சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனுஷராகத்தான் இருக்கிறார். அதனாலேயே இதைக் கட்டுடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

2014இல் ஒரு லினக்ஸ் பயனர் குழுவின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு என்னுடைய பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை, திருட்டுப் பிரதி போட மனசில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் போட்டாகிவிட்டது, ஆனால் வைஃபை வேலை செய்யவில்லை. ஓர் இளைஞர் மேற்படி வாக்கியத்தைச் சொன்னார். நகர்ந்தேன். கறுப்புத் திரையில் பத்துப் பன்னிரண்டு வரி அடித்தார். பத்து நிமிஷத்தில் வைஃபை வந்துவிட்டது. நான் வாங்கித் தருவதாகச் சொன்ன டீயைக்கூட அவர் குடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து கெர்னல் புதுப்பிக்கப்பட்டது. வைஃபை போய்விட்டது. அவர் என்ன அடித்தார் என்று எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. மறுபடி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்த முறை வேறொருவர், வயதில் மூத்தவர். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “நீங்களே அடிங்க தம்பி. உள்ள என்ன கார்டு இருக்குன்னு மெஷினையே கேட்டுப் பாருங்க.” எப்படிக் கேட்பது? எல்எஸ்பிசிஐ என்று ஒரு கட்டளை. வந்த பட்டியலில் எந்த வரி நம்முடையது? “படிச்சுப் பாருங்க.” ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை, வெளியிலிருந்து தனியாகக் கட்டிச் சேர்த்தது, ஆகவே கெர்னல் புதுசானால் அதையும் திரும்பக் கட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அடுத்த முறை வைஃபை போனபோது வீட்டிலேயே சரிசெய்தேன். அதற்கடுத்து நான் சரிசெய்யப் போனது பக்கத்து அறை நண்பரின் கணினியை.

என்னுடைய வாதம் இவ்வளவுதான்: கேட்டவர் நாளைக்கு இன்னொருவருக்குச் சொல்ல முடிகிறதா என்பதுதான் ஓர் உதவிக்கான அளவுகோல். கனிவும் கடுமையும் இரண்டாம்பட்சம்.

2

லினக்ஸ் குழுக்களுக்குள் புழங்கும் பிரதிகளில் அதிகம் நீட்டப்படுவது எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001இல் எழுதிய, கேள்விகளைப் புத்திசாலித்தனமாகக் கேட்பது எப்படி என்ற ஆவணம். புதிதாக வந்து தப்பாகக் கேட்பவரின் கையில் முதலில் திணிக்கப்படுவது இதுதான்.

அதில் நல்ல விஷயங்கள் உண்டு. உன் ஊகத்தைச் சொல்லாதே, கண்ட அறிகுறியைச் சொல். நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையில் சொல். எந்தப் படியில் மாட்டிக்கொண்டாய் என்பதோடு, எங்கே போகக் கிளம்பினாய் என்பதையும் சொல். பிரச்சினை தீர்ந்தால் எப்படித் தீர்ந்தது என்று திரும்ப வந்து சொல்லிவிட்டுப் போ. நம்முடைய விமர்சகர்களுக்கே இதைப் பாடமாக வைக்கலாம். ‘இந்தக் கதை தோற்றுவிட்டது’ என்பது ஊகம். எந்த இடத்தில் வாசிப்பு இடறியது என்பதுதான் அறிகுறி. நாம் எழுதும் மதிப்புரைகளில் பாதி, ஊகத்தை அறிகுறியாக விற்பவை.

ஆனால் இந்தப் பிரதி கட்டமைக்கும் தன்னிலைகளைக் கவனியுங்கள். கேட்பவர் சந்தேகத்துக்குரியவர், தான் சோம்பேறி இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டியவர். ‘ஆர்டிஎஃப்எம்’, அதாவது கெட்ட வார்த்தையோடு சேர்த்துக் ‘கையேட்டைப் படி’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான், நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது ஆவணம். பதில் சொல்பவர்களுக்கும் கடைசியில் ஒரு பகுதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மற்றவற்றின் நீளத்துக்கு அது வெறும் வால். சுமை முழுக்கக் கேட்பவர் தலையில்.

இதில் மறைக்கப்படுவது பதில் சொல்பவரின் வரலாறு. அவர் எங்கே கற்றார்? யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்? எந்தப் பள்ளியில் கணினி இருந்தது, யார் வீட்டில் இருந்தது? கையேடு என்பது பாதி தெரிந்தவர்களுக்காக எழுதப்படுகிற பிரதி. அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பையனிடம் ‘எர்ரர் என்ன சொல்லுதுன்னு படி’ என்று சொல்லும்போது, அவனிடம் இரண்டு பாஷை கேட்கப்படுகிறது: ஆங்கிலம் ஒன்று, கணினியின் பாஷை இன்னொன்று. அவன் மௌனமாக நின்றால் ‘ஹோம்வொர்க் பண்ணாம வந்துட்டான்’ என்று அர்த்தப்படுத்தப்படுகிறது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதவும், மின்னூல்களை இலவசமாகத் தரவும் முன்வந்ததை நான் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன். ‘படி’ என்று சொல்வதற்கு முன்னால் படிக்க ஏதாவது ஒன்றை உண்டாக்கித் தரும் காரியம் அது.

3

நாம் படித்த இலக்கணத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லையா? இருக்கிறது. நன்னூலின் பாயிரம் ஆசிரியராகத் தகாதவருக்கு நான்கு உவமை சொல்கிறது. கழற்குடம்: போட்ட வரிசையில் வராமல் கழற்காய்கள் தாறுமாறாக வந்து விழும். மடற்பனை: தானாகப் பழம் உதிர்ந்தால் உண்டு, ஏறிப் பறிக்க முடியாது. பருத்திக்குண்டிகை: திணித்ததும் கஷ்டப்பட்டு, எடுப்பதும் கஷ்டப்பட்டு. முடத்தெங்கு: தண்ணீர் ஊற்றியவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில்.

லினக்ஸ் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்த நாலு பேரையும் தெரியும். வைஃபை வரவில்லை என்று கேட்டால் யூனிக்ஸ் பிறந்த கதையில் தொடங்கி, நீ போட்டிருக்கும் டிஸ்ட்ரோவே தப்பு என்று முடிப்பவர் கழற்குடம். தனக்குத் தோன்றியபோது அற்புதமாகப் பேசிவிட்டு, கேள்வி கேட்டால் போனைப் பார்ப்பவர் மடற்பனை. ஒரு கேள்விக்கு ஒரு சொல் வீதம் பிய்த்துத் தருபவர் பருத்திக்குண்டிகை. மாதா மாதம் வந்து நாற்காலி எடுத்துப் போடுகிற பையனை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வந்த கம்பெனிக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டுபவர் முடத்தெங்கு.

ஆனால் என்னை நகரச் சொன்ன அந்த நல்ல இளைஞருக்கு நன்னூலில் உவமை இல்லை. இருக்கவும் முடியாது. பாடத்தை உனக்காக இன்னொருவன் மனப்பாடம் செய்து தர முடியாது. கற்றலை அபகரிக்க அங்கே வழியே கிடையாது. கணினியில் அது முடியும். வேலை முடிந்துவிடும், அறிவு மட்டும் இடம் மாறாது. பாவ்லோ ஃப்ரெய்ரே ‘வங்கிமுறைக் கல்வி’ என்று எதைச் சாடினாரோ, அதில்கூட மாணவன் பெயரில் ஏதோ டெபாசிட் ஆகிறது. இங்கே கணக்கே அவர் பெயரில்.

இன்னொன்று. யாருக்கு நூல் சொல்லலாம் என்றும் நன்னூல் பட்டியல் போடுகிறது: தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன், பொருள் நிறையக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் திறமுள்ளவன். லினக்ஸ் குழு இந்தப் பட்டியலைக் கிழித்துப்போட்ட இடம். யார் மகன் என்று கேட்பதில்லை, தட்சிணை இல்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பட்டியலில் இருந்த ‘மகன்’ என்ற சொல் மட்டும் நழுவி இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

4

2002இல் வால் ஹென்சன் என்ற கெர்னல் நிரலாளர் (பின்னாளில் வாலெரி அரோரா), லினக்ஸில் பெண்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஓர் ஆவணம் எழுதினார். லினக்ஸ்காரர்களுக்குப் பழக்கமான ‘ஹவ்டூ’ வடிவத்திலேயே எழுதினார் என்பது முக்கியம். பிரிண்டர் இணைப்பது எப்படி என்று எழுதும் அதே வடிவத்தில், ஆண்கள் நடந்துகொள்வது எப்படி என்று.

ஆபாச ஜோக் அடிக்காதே, பெண் ஒருத்தி கூட்டத்துக்கு வந்தால் வெறிக்காதே என்பவற்றோடு அதில் ஒரு விதி: விசைப்பலகையை அவள் கையிலிருந்து பிடுங்காதே. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ரேமண்ட், மோயன் பிரதி கேட்பவரின் வாயைக் கவனித்தது. ஹென்சன் பிரதி பதில் சொல்பவரின் கையைக் கவனிக்கிறது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பார்வை திரும்புகிறது. ‘உன்னால் முடியாது’ என்று வாயால் யாரும் சொல்வதில்லை. கை சொல்லிவிடுகிறது. இது பெண்களோடு நிற்கிற விஷயமும் இல்லை. என் கையிலிருந்தும் விசைப்பலகை போனது. ஆனால் எனக்கு அது ஒரு சனிக்கிழமை நடந்தது. பல பெண்களுக்கு அது வீட்டில், வகுப்பில், வேலையிடத்தில் என்று தினசரி.

இதற்கு முன்பே பெண்கள் லினக்ஸ்சிக்ஸ் என்ற குழுவைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டே விதி: மரியாதையாக இரு, உதவியாக இரு. கடுமையைத் திறமையின் அடையாளமாகக் கொண்டாடிய உலகத்தில் இது கலகம்தான். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ‘பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதுகிறேன், உங்களுக்கு என்னவெல்லாம் வேண்டும்’ என்று எல்லாரையும் கேட்டுத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர். கேள்வியில் பிறந்த லினக்ஸ் பிறகு கேட்பவரைத் திட்டுவதற்குப் பேர்போனது. 2018 செப்டம்பரில், தான் நடந்துகொண்ட விதத்துக்காக அவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். கெர்னல் திட்டத்துக்கு நடத்தை விதிகளும் அந்த மாதமே வந்தன.

ஆனால் மரியாதை மட்டும் போதாது என்பதே என் கட்சி. முதல் நாள் என்னிடம் வந்த இளைஞர் மிக மரியாதையானவர்.

5

நண்பர்கள் கேட்கலாம்: பகல் முழுக்க ஆபீஸில் உழைத்துவிட்டு, லீவு நாளில் வந்து, நூறாவது தடவையாக அதே கேள்விக்குப் பதில் சொல்பவனிடம் ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நில் என்பது நியாயமா? நியாயமான கேள்வி. இந்த உழைப்புக்குக் கூலி கிடையாது. ஐபிஎம் 2019இல் ரெட் ஹாட்டை வாங்கியபோது கொடுத்த விலை சுமார் 3,400 கோடி டாலர். அந்த மதிப்பின் அடியில், சனிக்கிழமைகளில் இனாமாகச் சொல்லப்பட்ட பதில்களும் கிடக்கின்றன. பதில் சொல்பவரின் சலிப்பெல்லாம் ஆணவம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷ உதவி என்னை மூன்று வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தது. ஒன்றரை மணி நேர உதவி இன்னொரு பதில் சொல்பவனை உண்டாக்கியது. மார்செல் மோஸ் கொடையைப் பற்றி எழுதியபோது, தருவது, பெறுவது, திருப்பித் தருவது என மூன்று கடமைகளைச் சொன்னார். லினக்ஸ் குழுவில் திருப்பித் தருவது கொடுத்தவருக்கு இல்லை, அடுத்து வருபவருக்கு. விசைப்பலகையைப் பிடுங்கினால் அந்த மூன்றாவது கடமை அறுந்துபோகிறது. மிஞ்சுவது நன்றிக்கடன், அதாவது பழைய உறவு.

கட்டற்ற மென்பொருளின் தொடக்கக் கதையே மறுக்கப்பட்ட உதவியின் கதைதான். எம்ஐடி ஆய்வகத்தின் பிரிண்டரைச் சரிசெய்ய ரிச்சர்ட் ஸ்டால்மன் மூலநிரல் கேட்டார். வைத்திருந்தவர் ஒப்பந்தத்தைக் காட்டித் தர மறுத்தார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983இல் குனூ, 1989இல் ஜிபிஎல் உரிமம். இனி யாரும் மூலநிரலை ஒளிக்க முடியாது. மகத்தான காரியம். ஆனால் மூலநிரல் என் கைக்கு வருவதற்குத்தான் உரிமம் உத்தரவாதம் தருகிறது. அதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்காருவதற்கு எந்த உரிமமும் உத்தரவாதம் தருவதில்லை. அந்த இடத்தைத்தான் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் பயனர் குழுக்கள் நிரப்ப முயன்றிருக்கின்றன.

6

இதையெல்லாம் ஒரு சிறுபத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்?

நம்முடைய வாசிப்பு வட்டங்களுக்கு வருகிற புதியவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? “மொதல்ல மூலதனத்தைப் படிச்சிட்டு வாங்க தோழர்.” “ஃபூக்கோ வாசிக்காம இதப் பத்திப் பேச முடியாது.” இது நம்முடைய ஆர்டிஎஃப்எம். கிராமத்திலிருந்து ஒரு தோழர் துண்டறிக்கை எழுதிக்கொண்டு வந்தால், “குடுங்க, நான் சரிபண்ணித் தர்றேன்” என்று வாங்கி, அவருடைய ஒரு வாக்கியமும் மிஞ்சாமல் அச்சுக்கு அனுப்புகிறோம். இது நம்முடைய விசைப்பலகைப் பிடுங்கல். அடுத்த துண்டறிக்கைக்கும் அவர் நம்மிடம்தான் வருவார். அதை ‘இயக்க வேலை’ என்று கணக்கெழுதிக்கொள்கிறோம். நானும் இதைச் செய்திருக்கிறேன்.

2022 இறுதியிலிருந்து, கேட்டதும் பதில் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை திட்டுவதில்லை, சலித்துக்கொள்வதில்லை. தமிழில் கேட்டாலும் பதில் வருகிறது. ஆங்கிலமும் தயக்கமும் தடுத்து நின்றவருக்கு இது சின்ன விடுதலை இல்லை. ஆனால் அடிக்க வேண்டிய பன்னிரண்டு வரியையும் மரியாதையாக நீட்டிவிடும் இந்த உதவி, அந்த முதல் இளைஞரின் உதவியாகவும் ஆகலாம், முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்றவரின் உதவியாகவும் ஆகலாம். எதுவாக ஆகிறது என்பது, கிடைத்த வரியை அப்படியே ஒட்டாமல் ‘இது ஏன்?’ என்று நாம் கேட்கிறோமா என்பதைப் பொறுத்தது. அப்படிக் கேட்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது ஒரு மனிதர். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த முறை யாராவது உங்களிடம் உதவி கேட்டு வந்தால் முதலில் உங்கள் கைகளைக் கவனியுங்கள். அவை எங்கே நீள்கின்றன என்று பாருங்கள். சித்தாந்தத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.