வழி கேட்க முடியாத இடம்

நாலு நாள் லீவு இருக்கிறது, கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. மெட்ராஸ் போய் ஊரைச் சுற்றிப் பார்ப்பதா, இல்லை நேரா தீம் பார்க்குக்கே போய்விடுவதா? சிறுநகரங்களில் கீழ்நடுத்தர வர்க்கக் குடும்பங்களும் பள்ளி ஆசிரியர்களும் இந்தக் கேள்வியை விவாதிக்கிறார்கள். முடிவு பெரும்பாலும் பூங்காவின் பக்கமே சாய்கிறது. முன்பெல்லாம் பள்ளிச் சுற்றுலா என்றால் எழும்பூர் அருங்காட்சியகம், எல்.ஐ.சி. கட்டடம், மெரினா, வண்டலூர் என்று ஒரு வரிசை உண்டு. இப்போது பூங்கா ஒரு முழு நாளை விழுங்கிவிடுகிறது; நகரத்துக்கு மிஞ்சுவது பேருந்து ஜன்னல்தான். இதை அற்ப விஷயம் என்று தள்ள எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளை தன் ஊர்த் தெருவை விட்டு வெளியே வந்து முதன்முதலில் கால் வைக்கிற இடம் எது என்பது அரசியல் கேள்வி.

நம் வட்டாரத்தில் இதற்குத் தயார்ப் பதில் ஒன்று உண்டு. டிஸ்னிலாந்து என்ற சொல் காதில் விழுந்ததுமே போத்ரியாரை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவோம். மிச்சமுள்ள அமெரிக்கா நிஜம் என்று நம்பவைக்கத்தான் டிஸ்னிலாந்து கற்பனையாகக் காட்டப்படுகிறது, உண்மையில் அமெரிக்கா முழுக்கவே டிஸ்னிலாந்துதான் என்பது அவர் 1981இல் வைத்த வாதம். சாமர்த்தியமான வாதம். ஆனால் விழுப்புரத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு கிளம்புகிற ஒரு அம்மாவிடம் இதற்குச் சொல்ல எதுவும் இல்லை. எது நிஜம், எது போலி என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது. பிளாஸ்டிக் முதலை பிளாஸ்டிக் என்று அவளுக்குத் தெரியும், அவள் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தேதான் காசு கொடுக்கிறாள். எதற்காகக் கொடுக்கிறாள் என்று கேட்காத கோட்பாடு எனக்கு எதற்கு?

அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வந்தவர் என்று நான் கருதுவது சார்லஸ் மூர் என்ற கட்டடக் கலைஞரை. பொதுவாழ்வுக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்ற பொருளில் தலைப்பிட்டு 1965இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கலிஃபோர்னியாவில் வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது. ஆட்கள் கூடுகிற, நடக்கிற பொது இடம் இல்லை. அந்த இல்லாமையைத்தான் டிஸ்னிலாந்து நுழைவுச்சீட்டு போட்டு விற்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். 1955 ஜூலையில் அனஹைமில் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவின் வாசலைத் தாண்டியதும் வருவது ராட்சத ராட்டினமில்லை, ஒரு தெரு. பழைய அமெரிக்கச் சிற்றூரின் கடைத்தெரு. மாடிகளை மட்டும் அளவில் சிறுத்துக் கட்டி, கட்டடங்கள் இருப்பதைவிட உயரமாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். காரை வெளியே விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தத் தெருவில் நடக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த நடையைத்தான்.

ஃபுளோரிடாவில் நடந்தது இதைவிடச் சுவாரசியம். அறுபதுகளின் நடுவில் பினாமிக் கம்பெனிகளின் பெயரில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் வாங்கப்பட்டது. 1967இல் மாநிலச் சட்டமன்றமே சட்டம் போட்டு அங்கே தனி நிர்வாக மாவட்டம் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தது. சாலை, வடிகால், கட்டட அனுமதி எல்லாம் அதன் கையில். அந்த ஏற்பாடு 2023 வரை நீடித்தது. வால்ட் டிஸ்னி அங்கே 20,000 பேர் குடியிருக்கும் ஒரு நகரத்தையே கட்டத் திட்டமிட்டிருந்தார். 1966 டிசம்பரில் அவர் இறந்துபோனார். எப்காட் என்று அந்த நகரத்துக்கு அவர் வைத்திருந்த பெயரில் 1982இல் திறக்கப்பட்டது குடிமக்கள் இல்லாத இன்னொரு பூங்கா. குடியிருப்பவன் என்று ஒருவன் வந்துவிட்டால் ஓட்டுக் கேட்பான், குழாயடியில் நின்று கேள்வி கேட்பான். பார்வையாளன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவான். 1971இல் திறந்த முதல் பூங்காவில் வேலைக்காரர்கள் வந்துபோகவும் குப்பை போகவும் கீழ்த்தளத்தில் நடைபாதைகள் உண்டு. மேலே நடக்கிறவன் கண்ணில் குப்பை அள்ளும் உழைப்பு முடிந்தவரை படாது. வர்ணாசிரமத்துக்குக்கூட இவ்வளவு நேர்த்தியான பொறியியல் வாய்க்கவில்லை.

ஆனால் மூரின் வாதத்தை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. நம் ஊர்க்காரனுக்கு நடை பஞ்சமில்லை. நடந்து நடந்து தேய்ந்தவன்தான் அவன். அவனுக்கு இல்லாதது, யார் என்று கேட்கப்படாமல் நடப்பது. கிராமத்தில் புதுசாக ஒருவன் வந்து வழி கேட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘யார் வீட்டுக்குப்பா?’, ‘எந்தத் தெரு?’, ‘நீ எந்தப் பக்கம்?’ வழி சொல்வதற்கு முன்னால் சாதியைத் தெரிந்துகொண்டாக வேண்டும். ஊர், காலனி என்று நிலப்படமே அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய தெருக்கள் இருந்தன. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெருக்கள் இருந்தன. பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாம் தாழ்த்தப்பட்டவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களுக்காக வைக்கத்தில் போராட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தெருவில் நடக்கிற உரிமைக்குச் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட சமூகம் நம்முடையது. ஆகவே பெஞ்சமின் எழுதிய பாரிஸ் உலாவியை, வேலைவெட்டி இல்லாமல் கடைவீதியை வேடிக்கை பார்த்துத் திரிகிற அந்தக் கனவானை, நம் ஊர் நடைக்கு உதாரணமாக நான் எடுக்கப் போவதில்லை.

எனக்கு உதாரணம் கந்தசாமிப் பிள்ளை. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், அவர் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற முனையில் நின்றுகொண்டு, டிராமா, பஸ்ஸா, நடையா என்று காலணாக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கேட்டவர் கடவுள். இந்தக் கதையைக் கடவுளைக் கிண்டல் செய்த கதை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். நான் அதை ஒரு தெருமுனைக் கதையாக வாசிக்கிறேன். முனையில் ஒருவன் நிற்கிறான், இன்னொருவன் கேட்கிறான். கேட்டதனாலேயே ஒரு கதை பிறக்கிறது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். மாநகரத்தின் இலக்கணமே இந்தப் பழமொழியில் இருக்கிறது. தெரியாதவனிடம் கேட்கலாம், கேட்டவன் யார் என்று தெரியாமலே அவன் பதில் சொல்வான். பூங்காவில் இந்தக் கதை சாத்தியமில்லை. வாசலிலேயே வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், பத்தடிக்கு ஒரு அம்புக்குறி. கடவுளும் கைப்பட்டை கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வந்த பிறகு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

பிள்ளையிடம் வழி கேட்டது கடவுளாக இல்லாமல் ஒரு தலித்தாக இருந்திருந்தால்? கேட்க வேண்டிய கேள்வி இது. பிராட்வே முனையில் வழி கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். கதையில் நடப்பதுபோல வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டிருப்பாரா என்பது வேறு. நகரம் தெருவோடு நின்றுவிடுகிறது, வாசற்படி இன்னும் கிராமம்தான். வாடகைக்கு வீடு தேடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருவும்கூட இனாமாகக் கிடைத்ததில்லை. 1707ஐ ஒட்டி வலங்கை, இடங்கைச் சண்டை முற்றியபோது, கவர்னர் பிட் இன்ன பிரிவுக்கு இன்ன பேட்டை என்று கறுப்பர் நகரத்தைப் பிரித்துக் கொடுத்த ஊர்தான் இது. ஆக, மெட்ராஸ் தெரு பிறவியிலேயே சுதந்திரமானது என்று யாராவது உணர்ச்சிவசப்பட்டால் நம்பாதீர்கள். கூலிவேலை தேடி வந்த கூட்டம் நடந்து நடந்து அதைத் தளர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, பூங்காவின் தரப்பில் இருக்கிற வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதைச் சொல்பவர்கள் பெண்கள். நான் பேசிப் பார்த்த பெண்களில் பலர் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்: தண்ணீர்ச் சறுக்கில் விழுந்து, முழுக்க நனைந்து, தொண்டை கிழியக் கத்துவதற்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். மெரினாவில் என்ன நடக்கிறது? கணவன் பேண்ட்டை மடித்துக்கொண்டு அலைக்குள் இறங்குவான், பையன் குதிப்பான், அவள் எல்லாருடைய செருப்பையும் பையையும் காவல் காத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பாள். இறங்கினாலும் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்காமல், சுற்றி எத்தனை கண் என்று பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். நம் முற்போக்கு நண்பர்கள் பூங்காவை நுகர்வுக் கலாச்சாரம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கும்போது இந்தப் பெண்ணின் ஒரு நாளையும் சேர்த்தே முடித்துவிடுகிறார்கள். நாளெல்லாம் டீக்கடையில் நின்று உலக அரசியல் பேச முடிகிற ஆண்கள், காசு கொடுத்து நாலு மணி நேரம் நனைகிற பெண்ணைப் பார்த்து ‘ஏமாந்துட்டியேம்மா’ என்று சொல்ல எந்த அருகதையும் இல்லை.

அந்த மதில் அவளைக் காக்கிறது என்பது உண்மை. ஆனால் அது சீட்டு வாங்க முடிந்தவளை, சாயங்காலம் வரைக்கும்தான் காக்கிறது. உள்ளேயும் ஒரே வரிசை இல்லை. சில பூங்காக்களில் கூடுதலாகக் கட்டினால் காத்திருக்காமல் முன்னால் போகத் தனிச்சீட்டு உண்டு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை வாசலில் வாங்கி வைத்துவிடுகிற இடங்களும் உண்டு. 2021இல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். புருஷனிடம் காசு கேட்காமல், காரணம் சொல்லாமல் ஒருத்தி பஸ் ஏறிவிட முடிந்தது. அதில் கத்தலும் இல்லை, நனைதலும் இல்லை, விளம்பரப் பலகையும் இல்லை. நகரம் பெண்ணுக்குத் திறப்பது இப்படி அரை அங்குலம் அரை அங்குலமாகத்தான். பூங்காவுக்குப் போகிற பெண்ணைத் திட்டுவதைவிட, மணலில் செருப்புக் காக்கிறவளை எழுப்பிவிட என்ன வழி என்று யோசிப்பது உருப்படியான விமர்சனம்.

பூங்கா மனிதர்களை எப்படிச் சந்திக்க வைக்கிறது என்பதற்கு ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. கடற்கரையின் சிலை மனிதரை விடப் பொருத்தமான படிமம் எனக்குத் தெரியவில்லை. ராஜா வாசல் காவலாளி வேஷத்தில் மணிக்கணக்காக அசையாமல் நிற்பார். வந்தவர்கள் முகத்துக்கு நேரே கோமாளித்தனம் செய்வார்கள், ஜோக் சொல்வார்கள், எப்படியாவது அவரைச் சிரிக்க வைத்துவிடப் பார்ப்பார்கள். அவர் சிரிக்கக் கூடாது. அதற்குத்தான் சம்பளம். பல தலைமுறைப் பிள்ளைகள் அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். அவருடைய பொறுமைக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனாலும் பாருங்கள், ஒரு மனிதனிடம் பேசினால் பதில் வராது என்பதே அங்கே வேடிக்கைப் பொருள். கந்தசாமிப் பிள்ளை எரிந்து விழுந்தாவது பதில் சொல்வார்.

இந்தத் தேர்வே பொய்யாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை. பூங்காவா நகரமா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே நகரம் பூங்காவாகிறது. நியூயார்க்கின் 42ஆம் தெருவில் டிஸ்னி கம்பெனி பழைய நாடக அரங்கு ஒன்றைப் புதுப்பித்து 1997இல் திறந்தபோது, அந்தத் தெருவின் பழைய மனிதர்கள் அப்புறப்படுத்தப்பட்ட கதையை சாமுவேல் டிலேனி 1999இல் ஒரு நூலாகவே எழுதினார். இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். விடுதலைப் போராட்டக் காலத்துக் கூட்டங்களிலிருந்து 2017 ஜனவரி வரை ஊர் கூடிப் பேசிய மெரினாவில், அதற்குப் பிறகு கூடிப் போராட அனுமதி மறுக்கப்பட்டது. மணல் இருக்கிறது, காற்று வாங்கலாம், கோஷம் போடக் கூடாது. கூவம் கரையிலும் பிற நீர்நிலைக் கரைகளிலும் குடியிருந்தவர்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலை அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோனது. பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை சுற்றுலாக்காரர்களைப் பூங்காக்களுக்குக் கொண்டுபோகிறது. இரண்டும் ஒரே திசையில் போகிற சாலைகள்.

தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடப்பவர்களுக்கென்று அகலமான நடைபாதை போட்டுத் திறந்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. சக்கர நாற்காலி போகிறது, குழந்தைகள் ஓடுகின்றன. அதற்கு முன்னாலேயே, 2013இல், அந்தத் தெருவின் நடைபாதை வியாபாரிகள் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் ஏற்றப்பட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவன் வழி கேட்பது யாரிடம்? கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கிற ஜவுளிக்கடைச் சிப்பந்தியிடமா? பூக்காரம்மாவிடம், செருப்புத் தைப்பவரிடம், இளநீர் வண்டிக்காரரிடம், ஆட்டோ ஸ்டாண்டில். உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தத் தெருவை முப்பது வருஷமாகப் பார்த்தவர்கள் இவர்கள்தான். நடக்க வசதியான நகரம் என்று நாளைக்கு நமக்குக் கொடுக்கப் போகிற வரைபடத்தில் இவர்களுக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் கை தட்டுவேன். அதுவரை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆசிரியர்களுக்கு என் யோசனை, பாரிமுனையில் பேருந்தை நிறுத்திவிட்டுத் திருவல்லிக்கேணி வரை வெயில் தாழ நடத்திக் கூட்டிப் போங்கள் என்பது. கோட்டை வரும், கூவம் நாறும், கடல் தெரியும். வழியை ஆசிரியர் சொல்லக் கூடாது. பிள்ளைகள்தான் கேட்டுக் கேட்டுப் போக வேண்டும்.