நீரில் எழுந்த நெருப்பு

கண்ணாற் காணாத பொருளைத் தீட்டுதல் ஓவியனுக்குத் தகுமோ என்பது பழைய வினா. ஆங்கில ஓவியர் டேர்ணர், வெசூவியஸ் எரிமலை கனல் உமிழும் காட்சியை 1817ஆம் ஆண்டில் நீர்வர்ணத்தில் வரைந்தார். அவர் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று அம்மலையை நேரிற் கண்டதோ 1819இலேயாம். ஆதலின், பிறர் வரைவுகளையும் தம் கற்பனையையுமே அவர் துணைக்கொண்டிருத்தல் வேண்டும்.

எனினும் அவ்வோவியத்திற் பொய்ம்மை தோன்றவில்லை. காரணம் யாது? நீர்வர்ணத்தில் ஒளி என்பது தாளின் வெண்மையே. டேர்ணர் பூசிய வர்ணத்தைச் சுரண்டி அவ்வெண்மையை வெளிப்படுத்தினார். சூழ்ந்துள்ள இருள் அதனைக் கனலாக்குகின்றது. எரியும் மலையை அவர் கண்டிலர். ஆயின் ஒளியின் இயல்பை நெடுநாள் கண்டிருந்தார். மலை கற்பனை, ஒளி அநுபவம்.

சுண்ணக்கற்றரையாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிமலை மட்டுமன்று, மலையே இல்லை. இங்குள்ள மாணவன் அச்சுப்படத்தைப் பார்த்துச் செவ்வர்ணத்தை மேன்மேலும் அப்புவானாயின், அது நெருப்பாகாது, சேறாகும். கடனீரேரியின்மீது படரும் மாலையொளியை நாடோறும் நோக்கி, தாளின் வெண்மையைக் காக்கப் பழகியவன் தீட்டும் எரிமலையே எரியும். காணாததைத் தீட்டலாம், கண்டதை நன்கு கண்டவனுக்கே அவ்வுரிமை உண்டு.