எலிகள் வாங்கித் தந்த விடுதலை

எலிகள் கஞ்சா தின்னுமா?

விடுகதை இல்லை. சென்னையில் ஒரு சிறப்பு நீதிமன்றத்தின் முன் நிஜமாகவே வந்த விவகாரம். 2020ல் 22 கிலோ கஞ்சாவுடன் பிடித்ததாக இரண்டு பேர் மீது வழக்கு. விசாரணையின்போது மூட்டை வரவில்லை. மாதிரிக்கு எடுத்தது போக மிச்சத்தை எலி தின்றுவிட்டது என்றது போலீஸ். 2023ல் இரண்டு பேரும் விடுதலை.

பேப்பரில் படித்துவிட்டு நீங்களும் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி மிஞ்சியது. சரி, எலி தின்னாத வழக்குகள் எப்படி முடிகின்றன?

1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எல்லாம் எடைக் கணக்கு. கஞ்சா என்றால் 1 கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கு அதிகபட்சம் 1 வருஷம் ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. குறைந்தது 10 வருஷம். ஜாமீன் குதிரைக் கொம்பு. நடுவில் மாட்டினால் 10 வருஷம் வரை போகலாம். இந்தத் தராசு 2001ம் வருஷத் திருத்தத்தில் வந்தது. புகைக்கிறவனையும் லாரியில் கடத்துகிறவனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

ஆனால் கோர்ட்டில் நடப்பதைப் பாருங்கள்.

பெரிய வழக்கில் பெரிய வக்கீல் வருவார். அவருடைய கேள்விகள் சின்னச் சின்னதாக இருக்கும். சாக்கோடு சேர்த்து எடை போட்டீங்களா? கஞ்சா என்றால் சட்டப்படி பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. வெறும் இலையையும் விதையையும் பிரித்தீங்களா? மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்தீங்களா? ஆளைச் சோதனை போடும் முன், “மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் ஆபீஸர் முன்னால் சோதனை கேட்க உனக்கு உரிமை இருக்கு” என்று சொன்னீங்களா? பொட்டலம் சட்டைப் பையில் இருந்ததா, தோள் பையில் இருந்ததா? சட்டைப் பை என்றால் 50வது பிரிவு வரும். தோள் பை மட்டும் என்றால் வராது.

இதையெல்லாம் ‘ஓட்டை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடு இல்லை. இந்தச் சட்டம், பொருள் உன்னிடம் இருந்தது என்று நிரூபணமானால் குற்றமற்றவன் என்று நீதான் காட்ட வேண்டும் என்கிறது. அவ்வளவு கடுமையான சட்டத்தில் நடைமுறைதான் ஒரே கவசம். 1999ல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத்தான் வலியுறுத்தியது. 2020ல் தூஃபான் சிங் வழக்கில், அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்புகள். கோபம் வரவேண்டியது தீர்ப்பின் மேல் இல்லை. மூட்டையைக்கூடப் பத்திரமாக வைக்கத் தெரியாத போலீஸ் மேல்.

என் பிரச்னை வேறு. இந்தக் கவசம் யாருக்குக் கிடைக்கிறது?

ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள். வயது 20. டிப்ளமா படிக்கிறான். பாக்கெட்டில் 40 கிராம் பொட்டலம். சிறிய அளவு என்பதால் பொதுவாக மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு முடிகிற வழக்கு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வருமானம் போச்சு. வராந்தாவில் யாரோ ஒரு நல்லவர் காதில் சொல்கிறார்: “ஒத்துக்கச் சொல்லுங்கண்ணே. ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம். எதுக்கு இழுத்துக்கிட்டு?”

பையன் கூண்டில் நின்று, “ஒத்துக்கறேங்கய்யா” என்கிறான். அபராதம் கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு நிம்மதி.

அவர் கையில் இருப்பது வெறும் ரசீது இல்லை, தண்டனைத் தீர்ப்பு. நாளைக்கு அரசு வேலைக்கு மனுப் போட்டால், பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தால் அது எழுந்து நிற்கும். அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் மறுபடி தண்டிக்கப்பட்டால், அதிகபட்ச தண்டனை ஒன்றரை மடங்காகும் என்கிறது 31வது பிரிவு. இதை அந்த வராந்தா நல்லவர் சொல்லவில்லை. ஒப்புக்கொண்ட பிறகு எடை, மாதிரி, சோதனை பற்றிய எந்தக் கேள்விக்கும் இடமில்லை. 22 கிலோ வழக்கை மூன்று வருஷம் துருவிப் பார்த்த அதே சட்டம், 40 கிராம் வழக்கைக் கண்ணைத் திறந்துகூடப் பார்க்காமல் முடித்துவிடுகிறது.

இத்தனைக்கும் சட்டத்திலேயே வேறு வழி இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் சிறிய அளவோடு பிடிபட்டு, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு: 64ஏ பிரிவு. குற்றம் நிரூபணமானால்கூட, தண்டிப்பதற்குப் பதில் அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம்: 39வது பிரிவு. அபராதம் கட்டும் கவுன்ட்டர் எங்கே என்று எல்லோருக்கும் தெரிகிறது. இந்த இரண்டு பிரிவுகளைப் பற்றி அந்த அப்பாவிடம் யார் சொல்வது?

போலீஸ் சொல்லாது, அதற்குத் தேவை ஒரு தண்டனைக் கணக்கு. வக்கீலுக்கு நேரமில்லை. மாஜிஸ்திரேட் முன் அன்றைக்கு இன்னும் எத்தனையோ கட்டுகள். யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாதபடி எல்லோரும் சேர்ந்து ஒரு பையனை வேகமாக அனுப்பிவைக்கிறார்கள். எங்கே என்றுதான் யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உறவில் யாராவது இப்படி மாட்டினால், ஒப்புக்கொள்ளும் முன் கோர்ட் வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். காவலில் இருக்கிறவருக்கு இலவச வக்கீல் என்பது தர்மம் இல்லை. 1987ம் வருஷச் சட்டப்படி உரிமை. 64ஏ, 39 என்று இரண்டு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

கஞ்சா நல்லது என்று நான் சொல்லவில்லை. மூட்டை வைத்திருந்தவனுக்கு உதவ எலியாவது வந்தது. பொட்டலம் வைத்திருந்தவனுக்கு மனிதர்கள் வரக்கூடாதா?