வட்ட வீட்டுக் கட்சி

தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு வருகிற கூட்டம் நேரே செட்டிநாட்டு வீட்டுக்குத்தான் போகிறது. தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறது. குறை சொல்லவில்லை, அந்த நிலைக்கதவின் முன்னால் நானும் நேரம் போவது தெரியாமல் நின்றவன்தான். ஆனால் அங்கே நாம் மலைத்துப்போவதில் பாதி, வீட்டுக்காரரின் பணத்தைப் பார்த்து. நண்பர்களில் சிலர் கேரளக் கட்சி. புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவ வீட்டின் மரவேலையை விட்டு நகர மாட்டார்கள். அதுவும் நியாயமான ருசிதான்.

என் ஓட்டு சுட்டில்லுக்கு. ஆந்திரப் பகுதியில், விசாகப்பட்டினம் பக்கத்து ஹரிபுரம் ஊரின் வட்ட மண்வீடு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் திட்டப்படி எழுந்து 1996-ல் திறந்த இந்த வளாகத்தில், இதற்கு இணையாக வேறு வீட்டை நான் வைக்க மாட்டேன்.

கூரையை முதலில் பாருங்கள். உச்சியிலிருந்து ஒரே சரிவாக வந்து, குனிந்துதான் உள்ளே போகலாம் என்கிற அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. 1977-ல் திவிசீமையை அழித்த புயலும் 2014-ல் ஹுட்ஹுட் புயலும் அடித்த ஆந்திரக் கரையின் வீடு அது. சுவருக்கு மூலையே இல்லாததால் காற்று மோதி நிற்காது, சுற்றிக்கொண்டு போய்விடும். இறவாரம் தணிந்திருப்பதால் அடியில் புகுந்து கூரையைத் தூக்கவும் முடியாது. சாரலும் மண்சுவரைத் தொடாது. இத்தனைக்கும் அந்தச் சரிவைப் பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை. அழகுக்கென்று தனியாக எதுவும் செய்யாமலே அழகு வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்று. மரவீட்டைக் கழற்றி, துண்டுக்குத் துண்டு எண் போட்டு, லாரியில் ஏற்றி வந்து மறுபடி பூட்டிவிடலாம். மண்சுவரை அப்படிக் கொண்டுவர முடியுமா? மண்ணைக் குழைத்து, மிதித்து, ஒரு படை வைத்து, அது இறுகிய பிறகு அடுத்த படை என்று புதிதாகத்தான் எழுப்பியாக வேண்டும். ஓலையும் அப்படித்தான், மக்க மக்க மாற்றவேண்டும். ஆகவே இங்கே காப்பாற்ற வேண்டியது பொருளை அல்ல, கைப்பழக்கத்தை.

அந்தக் கை எங்கே? எங்கள் ஊரில் பனையோலை வேய வருகிற பெரியவர் வரிச்சுக் கட்டை இழுத்துப் பார்ப்பார். கொஞ்சம் நெகிழ்ந்தாலும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டுவார். அவர் பிள்ளைகள் யாரும் கூரை ஏறவில்லை. கூலியைப் பார்த்தால் ஏறவும் மாட்டார்கள்.

இப்போது கடற்கரை விடுதிகளில் வட்டக் குடிசை கட்டுகிறார்கள். கான்கிரீட் சுவர், தகரத்தின் மேல் பேருக்கு ஓலை. உள்ளேயிருந்து கடல் தெரியவேண்டுமாம், அதற்காக இறவாரத்தை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி, கீழே கண்ணாடி ஜன்னல். புயல் எந்த இடத்தில் பிடித்துத் தூக்குமோ, சரியாக அந்த இடத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் பாரம்பரியப் பாணி என்று பலகை வேறு!

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வேறொரு நாள், முடிந்தால் மழைக்காலத்தில் போங்கள். செட்டிநாட்டு வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.